செப்புக் காசும் அதன் சாட்சியும்

பொன்னுக்கு உரைகல் உண்டு. பொற்காசு ஒன்று பழமையானதன்று என்று தெளிந்தாலும், உருக்கினால் பொன் எஞ்சும். செப்புக் காசுக்கு அந்த ஆறுதல் இல்லை. அதன் உலோக விலை அற்பம். மதிப்பு முழுவதும் அது கூறும் சாட்சியில் அடங்கியது. சாட்சி பொய்யானால் வாங்கியவர் கையில் எஞ்சுவது ஒரு துண்டுச் செம்பே. பழங்காசுகள் இணைய வாயிலாக ஏலத்துக்கு வரும் இக்காலத்தில், அவற்றின் மெய்ம்மையையும் மதிப்பையும் அறியும் முறை யாது என ஆராய்தல் பயனுடைத்து.

ஒரு சிறு காசு எத்துணைப் பெரிய வழக்கைத் தாங்கி நிற்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்திலுள்ள ஏரண் என்னும் ஊரின் செப்புக் காசு ஒன்று சான்று. அலெக்ஸாந்தர் கன்னிங்ஹாம் தாம் 1891இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். தர்மபாலன் என்பவன் பெயர் பொறித்த அக்காசில் பிராமி எழுத்துக்கள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. பிராமி முற்காலத்தில் அவ்வாறே எழுதப்பட்டது என்பதற்கு அதனை ஆதாரமாகக் கொண்டார் பூலர் என்னும் அறிஞர். அச்சை வெட்டியவன் எழுத்துக்களைத் திருப்பிச் செதுக்க மறந்தான், அவ்வளவே என்று மறுத்தோரும் உண்டு. வழக்கு எவ்வாறு முடியினும், காசு மெய்யானது என்பதே இரு சாராருக்கும் அடிப்படை. போலிக் காசு ஒன்று அறிஞர் மேசைக்கு வருமாயின் வரலாறே வழி தவறும்.

போலி செய்வோர் மிகுதியாக நாடுவது அரிய வகைகளையே. குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் செப்புக் காசுகளை எடுத்துக் கொள்வோம். அவருடைய ஆட்சித் தொடக்கம் கி.பி. 127 என்பது இன்று அறிஞர் பலரும் ஏற்கும் கணிப்பு. முகப்பில் வேள்வித் தீயருகே மன்னர் நிற்பார். பின்புறத்தில் கதிரவன், திங்கள், நெருப்பு, காற்று, நானா, சிவனையொத்த ஓயிஷோ முதலிய தெய்வங்களுள் ஒன்று காணப்படும். இவை பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. ஆதலின் விலை குறைவு. ஆனால் பின்புறத்தில் நின்ற கோலத்துப் புத்தர் உருவமும், கிரேக்க எழுத்தில் ‘சகமனோ பௌதோ’ என்னும் பெயரும் உடைய காசு அரிது. மைத்திரேயர் அமர்ந்த கோலத்துக் காசும் அவ்வாறே. ஆட்சியாளர் ஒருவர் புத்தரின் உருவத்தைப் பெயருடன் காசில் பொறித்த மிகப் பழைய சான்றுகளுள் இவை இடம் பெறுகின்றன. மலிவான காசுக்கும் அரிய காசுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் உருவமும் சில எழுத்துக்களுமே. ஆகவேதான் தேய்ந்த மெய்க்காசின் மேல் புதிய உருவத்தைச் செதுக்கும் ஆசை எழுகிறது.

அதனைக் கண்டறிய முதற்கண் தேய்மானத்தை நோக்க வேண்டும். ஒரு காசு கைமாறித் தேயும்போது இருபுறமும் தேயும். மன்னரின் உருவம் நிழலாய் மங்கியிருக்க, புத்தரின் ஆடை மடிப்பு மட்டும் கூர்மையாய் நின்றால் ஐயுற வேண்டும். அச்சு, உருவத்தை மேலே எழுப்பும். உளியோ உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தைத் தோண்டிப் பள்ளமாக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அப்பள்ளமும் கீறல்களும் புலப்படும்.

அடுத்தது களிம்பு. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த செம்பின் மேல் செந்நிறப் படலமும் அதன் மேல் பச்சைக் களிம்பும் உலோகத்தோடு ஒன்றிப் படியும். பூசிய பச்சையோ பள்ளங்களில் தேங்கி நிற்கும். கரைப்பான் பட்டால் பெயரும். மூன்றாவது எடை. கனிஷ்கரின் முழுச் செப்புக் காசு ஏறத்தாழ 16 முதல் 17 கிராம். ஹுவிஷ்கர் காலத்தில் இவ்வெடை குறைந்தது. எனவே எடையை அந்தந்த ஆட்சியின் அளவோடு ஒப்பிட வேண்டும்.

வார்ப்புக் குறி கண்டவுடன் போலி என்று தள்ளுவதும் தவறு. யானை, குன்று, வேலியிட்ட மரம் ஆகிய சின்னங்களுடன் வட இந்தியாவில் வழங்கிய எழுத்தில்லாச் செப்புக் காசுகள் வார்க்கப்பட்டவையே. உலோகம் ஓடிய வாய்க்காலின் மிச்சம் அவற்றின் விளிம்பில் இன்றும் தெரியும். தட்சசீலத்தில் ஒருபுறம் மட்டும் அச்சிட்ட காசுகளும் வழங்கின. அவற்றின் வெறுமையான மறுபுறம் குறையன்று. கனிஷ்கர் காசுகளோ அச்சடித்தவை. அவற்றில் வார்ப்புத் தழும்பு காணின் எச்சரிக்கை தேவை.

படத்தை மட்டும் கண்டு வாங்குவோர் எடை, விட்டம், விளிம்பின் படம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். விற்றவரின் பழைய படங்களையும் பிற ஏலப் படங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று. ஒரே அச்சில் இரு காசுகள் பிறக்கலாம். ஆனால் ஒரே வெடிப்பும் ஒரே குழியும் ஒரே விளிம்பு வடிவும் இரண்டிற்கும் அமைவது இயல்பன்று. அமைந்தால் ஒன்றையேனும் வார்ப்பு நகல் எனக் கொள்க. கேட்கும் விலையை மதிப்பென மயங்காமல், அத்தகைய காசுகள் முன்னர் உண்மையில் விற்ற விலைகளை நோக்க வேண்டும். மெய்யல்ல எனின் திருப்பித் தரலாம் என்னும் எழுத்துறுதியும் தேவை.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கேட்க வேண்டிய வினா, இக்காசு எங்கிருந்து வந்தது என்பதே. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்பது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம். கிடைத்த இடத்தை மறைத்து விற்ற காசு மெய்யானதாயினும், அதன் சாட்சியில் பாதி அழிந்தது. எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுடன், எந்தக் காசுகளுக்கிடையே கிடந்தது என்பதை எந்த விலை கொடுத்தும் பின்னர் மீட்க இயலாது.

எனவே, வரலாறு தெரியாத அரிய காசினும், வரலாறு தெரிந்த எளிய காசே மேல். கனிஷ்கரின் காற்றுத் தெய்வக் காசு மலிவானதுதான். எனினும் நேரிய வழியில் வந்ததாயின், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு முற்பட்ட கடைத்தெரு ஒன்றின் கொடுக்கல் வாங்கலை அது பொய்யின்றிச் சொல்லும்.