நந்தன் ஏன் நெருப்பில் இறங்கினான்? – நாடக வகுப்பில் எழுந்த ஒரு வினா

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளில் பலர் செங்கற்சூளைக்கோ, ஆடு மேய்க்கவோ, டீக்கடைக்கோ போய்விடுவது வழக்கம். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அவர்களுள் சிலர் திரும்பி வருவதில்லை. அப்பிள்ளைகளை அந்த ஒன்றரை மாதமேனும் எழுத்தோடும் பேச்சோடும் பிணைத்து வைக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் நம் கல்விச் சங்கம் தொடங்கியதே கோடைக்கால நாடக வகுப்பு. அதனை நடத்தும் பொறுப்பைச் சங்கத்தார் நம்மிடம் ஒப்படைத்தனர்.

வெள்ளி விழாவில் அரங்கேற்றுவதற்காக இவ்வாண்டு நந்தன் சரித்திரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் தாழ்ந்த பின், சங்கக் கட்டடத்தின் முன்திண்ணையில் ஒத்திகை நடைபெற்றது. பழைய வேட்டியே திரை. அட்டையில் தங்கத்தாள் ஒட்டியதே கிரீடம். ஒருநாள் மாலை, நந்தன் வேடம் ஏற்ற ஏழாம் வகுப்பு மாணவன் தீக்குழியின் முன் வந்து நின்றான். கைகூப்பிக் குழியில் இறங்க வேண்டிய இடம் அது. அவன் இறங்கவில்லை. "ஐயா, நந்தன் எந்தத் தப்பும் செய்யலையே. அவர் ஏன் நெருப்பில் இறங்கணும்?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பவர் நாம். ஆயினும் அந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், தம்பி" என்று கூறி அன்றைய ஒத்திகையை முடித்துவிட்டோம். சொல்லி முடித்த பின்னரே, 'நாளை' என்னும் சொல்லை நாமும் அவனுக்குத் தந்துவிட்டோம் என்பது உறைத்தது. 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே நாளைப்போவார் என்று பெயர் பெற்றவரன்றோ நந்தனார்! அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

புராணத்தில் நந்தன்

திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் நாளைப்போவாரை ஒரு தொடரில் பெயர் சுட்டிப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அங்கே தீயும் இல்லை, கதையும் இல்லை. கதையை நாம் இன்று அறிந்த வடிவில் விரித்துச் சொன்னவர், 12ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசின் அமைச்சராய் விளங்கிய சேக்கிழார். அவருடைய பெரியபுராணத்தில் நந்தனார் கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரின் சேரியில் பிறந்தவர். கோயில் முரசங்களுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர். திருப்புன்கூரில் வெளியே நின்று வணங்கியபோது, அவர் கண்ணுக்கு இறைவன் தெரியும்படி நந்தி விலகியது என்பது வரலாறு. தில்லையில் தீயில் மூழ்கிப் பூணூல் அணிந்த முனிவராய் எழுந்த பிறகே அவரால் கோயிலுக்குள் புக முடிந்தது.

இப்பகுதியை ஒத்திகையின்போது படித்துக் காட்டினோம். பறை அடிக்கும் பிள்ளை ஒருவன், "தோல் உள்ளே போகலாம், தோலைக் கொடுத்தவர் போகக் கூடாதா?" என்று கேட்டான். உரையாசிரியர் பலர் எழுதிய பக்கங்களில் இத்துணைச் சுருக்கமாக யாரும் இதனைக் கேட்டு நாம் படித்ததில்லை.

மேடைக்கு வந்த நந்தன்

சேக்கிழாருக்குப் பின் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து, மயிலாடுதுறையை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். அது 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் பாரதியார் படைத்தார். அவரே நந்தனின் ஆண்டையாகிய வேதியர். நாற்பது வேலி நிலத்தை உழுது நட்டு அறுத்துக் கொடுத்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று வேதியர் ஆணையிட, அவ்வேலையெல்லாம் சிவனருளால் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது.

இந்த வேதியர் எங்கிருந்து வந்தார்? தஞ்சைத் தரணியின் வயல்வெளியிலிருந்துதான் வந்தார். பண்ணையாளாய்ப் பிறந்தவன் ஆண்டையின் உத்தரவின்றி ஊர் எல்லையைத் தாண்ட இயலாத காலம் அது. புராணத்து நந்தனைத் தடுத்தது கோயில் வாயில். பாரதியாரின் நந்தனையோ அதற்கு முன்பே வயல் வரப்பு தடுத்துவிடுகிறது. பக்திக் கதைக்குள் கூலியும் உழைப்பும் நுழைந்த இடம் இதுவே. பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்நூலின் இலக்கணப் பிழைகளை எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பின்னர் பாரதியார் பாடக் கேட்டு மனமுருகித் தந்தார் என்றும் கூறுவர். புலவர் தயங்கிய நூலை மக்கள் தயங்காமல் ஏற்றனர். கதாகாலட்சேபத்திலும் நாடக மேடையிலும் நந்தன் வீடுதோறும் அறிந்த பெயரானான்.

திரைப்படம் வந்தபோதும் நந்தன் உடன் வந்தான். 1935இல் வெளியான பக்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினியார் எடுத்த நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தனர். இருவரும் இசைப் பேரறிஞர்கள். அவர்கள் பாடக் கேட்டு அழாதார் இலர். ஆனால் இருவரும் நம் தெருவில் பிறந்தவர் அல்லர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கதை மேடை ஏறிற்று. நாமோ தரையில் அமர்ந்து பார்த்தோம்.

நம்மவர் கண்ட நந்தன்

இக்கதையை நம்மவர் அப்படியே விழுங்கிவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டார். சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவனின் வரலாறே பிற்காலத்தில் பக்திக் கதையாக மாற்றப்பட்டது என்று வாதிட்டார். அவர் முடிவை ஏற்பதும் ஏற்காததும் ஆராய்ச்சியாளர் வேலை. ஆனால் 'எழுதியவன் யார், யாருக்காக எழுதினான்' என்று கேட்கும் துணிவை நமக்குத் தந்தவர் அவரே.

வேறு வழியில் விடை கண்டவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அவர், நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்துக்குத் துறவியாய் வந்து சேர்ந்தார். 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் அமைத்துப் பள்ளி தொடங்கினார். சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகக் குரல் கொடுத்து 1959இல் மறைந்தார். அவர் நட்ட விதை இன்று நந்தனார் பெயரிலேயே அரசுப் பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. தீக்குழி வெட்டிய ஊரில் அவர் பள்ளிக்கு அடித்தளம் வெட்டினார்.

1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயருடன் கக்கனும் மற்றவர்களும் நுழைந்தனர். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில், தீண்டப்படாதார் யாவர் என்பதை ஆராய்ந்து எழுதிய தம் நூலை அண்ணல் அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பக்தி மார்க்கத்தின் குறைகளை அவரைவிடக் கடுமையாகச் சொன்னவர் இல்லை. ஆயினும் அந்த மூவரையும் அவர் தள்ளிவிடவில்லை.

மீண்டும் தீ

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களின் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். பாரதியாரின் வேதியர் ஆணையிட்ட அதே வயல்மண்ணில், இம்முறை எரிந்தவர் எவரும் முனிவராய் எழவில்லை.

வெண்மணியைப் பின்புலமாகக் கொண்டு 1975இல் குருதிப்புனல் நாவலை வெளியிட்ட இந்திரா பார்த்தசாரதி, 1978இல் நந்தன் கதை என்னும் நாடகத்தை எழுதினார். அந்நாடகத்தில் தீ இறைவன் வைத்த சோதனை அன்று. ஆதிக்கம் செய்வோர் கூடிச் செய்த சதி. 1990களில் முனைவர் கே. ஏ. குணசேகரன் போன்றோரின் முயற்சியால் தலித் அரங்கம் என்று ஒன்று உருவாகி, நம் பறையும் பாட்டும் ஆட்டமும் நம் சொந்தக் குரலாக மேடை ஏறின. தரையில் அமர்ந்து பார்த்தவர் மேடையில் நின்று பேசத் தொடங்கிய காலம் அது.

ஒத்திகையில் நேர்ந்தது

இவற்றையெல்லாம் பிள்ளைகளின் வயதுக்கேற்பச் சுருக்கிச் சொன்னோம். வெண்மணியைச் சொன்னபோது திண்ணையில் ஓசையே இல்லை. பிறகு, தீக்குழிக் காட்சியே வேண்டாம் என்று பிள்ளைகள் ஒருமித்துக் கூறினர்.

செய்தி தெருவுக்குப் பரவிற்று. மறுநாள் நம் பஜனை மடத்துப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஐம்பது ஆண்டுகளாக மார்கழி தோறும் நந்தன் கீர்த்தனை பாடி வருபவர் அவர். "வாத்தியாரே, எங்க காலத்துல மத்த கதையில எல்லாம் நாங்க பந்தம் புடிக்கிற ஆளுதான். இது ஒண்ணுலதான் எங்க ஆளு சாமியானாரு. அதையும் புடுங்கிட்டா எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவருக்கும் நம்மால் எளிதில் விடை சொல்ல இயலவில்லை. நாம் பள்ளியில் பயின்ற நாளில், ஆண்டு விழா நாடகத்தில் அரசன் வசனத்தை முழுதும் ஒப்பித்தவர் நாம் ஒருவரே. ஆயினும் ஆசிரியர் கிரீடத்தை வேறொரு பையனுக்கு வைத்து, நம் கையில் வேலைக் கொடுத்து வாயிற்காவலனாய் நிறுத்தினார். அந்த வாயிற்புறத்தில் நின்ற கால்வலி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்கு மறக்கவில்லை. வாழ்நாள் முழுதும் வாயிற்புறத்தில் நின்ற பெரியவர், உள்ளே போன ஒரே ஒருவனைப் பற்றிக்கொள்வதில் என்ன வியப்பு? அவருடைய கண்ணீரைப் பகுத்தறிவின் பெயரால் எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. அதே வேளை, தூய்மையானவன் மேலும் தூய்மை பெறத் தீயில் இறங்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கவும் நமக்கு உரிமை இல்லை.

இரண்டு நாள் பேசினோம். முடிவில் பிள்ளைகளே வழி கண்டனர். பெரியவர் மேடையின் ஓரத்தில் அமர்ந்து நந்தன் தில்லை எல்லையை அடையும் வரை பாடுவார். தீக்குழியின் முன் பாட்டு நின்றுவிடும். நந்தன் சபையோரை நோக்கித் தன் வினாவைக் கேட்பான். அடுத்த காட்சி 1916ஆம் ஆண்டுச் சிதம்பரம். ஒரு துறவி பள்ளி மணியை அடிக்கிறார். மேடையில் உள்ள பிள்ளைகள் அனைவரும் தத்தம் சொந்தப் பெயரைச் சொல்லி, 'உள்ளேன் ஐயா' என்று வருகை தருகின்றனர். பெரியவர் இதனை முழு மனத்தோடு ஏற்றார் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மறுநாள் ஒத்திகைக்கு அனைவருக்கும் முன்பாக வந்து அமர்ந்திருந்தார்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! நாடக வகுப்பு வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். பாடப்புத்தகத்தில் அச்சிட்டதைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. நாடகத்தில் அதே பிள்ளை அச்சிட்டதை வாயால் சொல்லிப் பார்க்கிறது. கால் ஒரு நொடி தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் வினா பிறக்கிறது. நந்தன் கதையைப் பன்முறை படித்தும் நமக்குத் தோன்றாத வினா, குழியின் ஓரத்தில் நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோன்றிற்று அன்றோ?

ஆகவே, அடுத்து வரும் இருபத்தைந்து ஆண்டுகளிலும் இவ்வகுப்பைக் கைவிடாதீர்கள். பட்டம் பெற்றவர்கள் ஆண்டுக்குப் பத்து மாலைகளேனும் வந்து வசனம் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசனமேனும் கிடைக்கட்டும். எவனையும் வாயிற்காவலனாகவே நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை வினா எழுப்பினால், நம்மைப்போல் 'நாளை' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து அன்றைக்கே தேடத் தொடங்குங்கள்.