கான்கிரீட் பீம் உடைவதை கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2023 நவம்பர் 28 இரவு, பினாங்கு பத்து மாவுங்கில் கட்டப்பட்டு வந்த கிடங்கில் கான்கிரீட் பீம்கள் சரிந்து வங்காளதேசத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இப்படிப்பட்ட பீம் எவ்வளவு பாரம் தாங்கும்? ஆய்வுக்கூடத்தில் ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்தி, உடையும்வரை சோதிப்பார்கள். வழக்கமான ஸ்ட்ரெயின் கேஜ், ஒட்டிய இடத்தை மட்டும்தான் அளக்கும். விரிசல் தள்ளி விழுந்தால் அதற்குத் தெரியாது.

போட்டோகிராமெட்ரி வேறு மாதிரி. பீமுக்கு வெள்ளையடித்து, கறுப்புப் புள்ளிகளைத் தெளிப்பார்கள். பாரம் கூடக் கூட, கேமரா அடுத்தடுத்துப் படமெடுக்கும். புள்ளிகள் நகர்ந்த தூரத்தைக் கணினி ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் கணக்கிடும். பீம் எங்கே வளைகிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே சிக்கிவிடும்.

ஆனால், இந்தச் சோதனை பீமின் பலத்தைத்தான் சொல்லும். அதைத் தூக்கிப் பொருத்தும்போது முட்டு சரியாக இருக்கிறதா என்பதைக் கட்டுமானத் தளத்தில்தான் பார்க்கணும்.