240 மணி நேரம்: மாணவர் தொண்டும் பாடத்திட்டமும் பிரிந்த வரலாறு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவரின் குணநலனை வளர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் நாட்டு நலப்பணித் திட்டம் மிகப் பரந்த ஒன்று. சமூகத் தொண்டின் வழியே மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நடந்த விவாதம் பெரும்பாலும் வேறொரு கேள்வியையே சுற்றிவந்தது: தொண்டு கட்டாயமா, விருப்பமா? அது சிறிய கேள்வி அன்று. எனினும் தொண்டு படிப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே மாணவரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது என்பதும், அந்தக் கேள்வி போதிய அளவு அலசப்படாமலே முடிந்துபோனது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொண்டைப் படிப்புக்கு வெளியே வைத்த வழி, உள்ளே வைத்த வழி இரண்டும் ஓரிடத்திலிருந்தே கிளம்பின. 1948இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும், அமெரிக்காவின் ஆண்டியாக் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் மார்கனும் உறுப்பினர்கள். சில மாதம் வகுப்பு, சில மாதம் வேலை என்று மாறிமாறிப் பயிலும் முறையை 1920களில் அக்கல்லூரியில் நிலைநிறுத்தியவர் மார்கன். ஆணையத்தின் அறிக்கை ஒரு பக்கம் மாணவர்கள் விரும்பி ஏற்கும் தேசியப் பணியைப் பரிந்துரைத்தது. மறுபக்கம், உழைப்பும் ஊர் வாழ்க்கையும் கல்வியோடு பின்னிய கிராமப் பல்கலைக்கழகங்களைப் பற்றி விரிவாகப் பேசியது.

முதல் வழியின் கதை ஓரளவு அறியப்பட்டதே. பட்டம் பெறச் சமூகத் தொண்டை முன்நிபந்தனையாக்கலாமா என்று 1958இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1959இல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு, பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி வேண்டும் என்றது. செலவையும் நடைமுறைச் சிக்கலையும் காரணம் காட்டி அரசு அதை ஏற்கவில்லை. பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன், கட்டாயத்தை இயன்றவரை தவிர்க்கச் சொன்னார். முடிவு வந்தது 1967இல். சீனப் போருக்குப் பின் கட்டாயமாக்கப்பட்டிருந்த தேசிய மாணவர் படைக்கு ஒரு மாற்றாக நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கலாம் என்று கல்வி அமைச்சர்கள் மாநாடு பரிந்துரைத்தது. 1969 செப்டம்பர் 24 அன்று மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு இதைத் தொடங்கிவைத்தார்.

‘மாற்று’ என்ற அந்தச் சொல்லில்தான் திருப்பம் இருக்கிறது. அணிவகுப்புக்கு என்று ஒதுங்கியிருந்த இடமே தொண்டுக்கும் கிடைத்தது: வகுப்பு முடிந்த பிறகு, துறைக்கு வெளியே, வருகைக் கணக்கோடு. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அளவு வகுக்கப்பட்டது. சுமார் நூறு பேர் கொண்ட ஓர் அலகைக் கவனிக்கும் திட்ட அலுவலர், தன் பாடவேளைகளோடு இதையும் சுமக்கும் ஓர் ஆசிரியர். குளக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டிய மாணவி குறிப்பேட்டில் தேதி, பணி, மணி என்று நிரப்பிக் கையொப்பம் வாங்கிவிடலாம். அந்த மரம் ஏன் அங்கே பெருகியது, குளத்தை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று அவள் யோசித்திருந்தாலும் அதைக் கேட்க அவளுடைய தாவரவியல் வகுப்புக்கோ பொருளியல் வகுப்புக்கோ கடமை இல்லை. தமிழகக் கல்லூரிப் பாடத்திட்டங்களில் இது பகுதி 5 என்ற பெயரில் மதிப்பெண் பட்டியலின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வழி 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனங்களாக வடிவம் பெற்றது. தமிழகத்தில் காந்திகிராமமும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவற்றுள் அடங்கும். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமத்தில் ஊரில் தங்கிப் பணியாற்றுவது படிப்பின் ஒரு கூறு. அமைதிச் சேனைப் பயிற்சியும் அப்படியே. அங்கே ஊரைப் பற்றி மாணவர் கற்றதைக் கேட்பது ஆசிரியரின் வேலையாகவே இருந்தது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். கிராமிய நிறுவனங்களில் பல நிலைக்கவில்லையே என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் அவற்றின் பட்டயத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டத்தின் மதிப்புக் கிடைப்பதே போராட்டமாக இருந்தது. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அந்த ஏற்பு கிடைத்த இடத்தில் முறை நிலைத்தது. பாடத்துக்குள் வந்தால் தொண்டும் மதிப்பெண்ணுக்காகவே நடக்கும் என்பது இரண்டாவது. மதிப்பிட வேண்டியது மாணவரின் நல்ல மனத்தை அன்று. அவர் கண்டதையும், அதிலிருந்து எழுப்பிய கேள்வியையும். ஆய்வகக் குறிப்பேட்டை நாம் அப்படித்தான் திருத்துகிறோம். இத்தனை பேருக்கு மணிக்கணக்கு தவிர வேறு அளவுகோல் சாத்தியமா என்பது மூன்றாவது. மூன்றிலும் வலுவானதும் இதுவே. ஒரு திட்ட அலுவலரால் நூறு பேரின் அனுபவத்தைக் கேட்க முடியாது. அதனால்தான் அந்த வேலை துறைகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்கிறோம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சமூகப் பணிக்குக் கிரெடிட் தரச் சொல்கிறது. கேள்வி இப்போது மீண்டும் திறந்திருக்கிறது. அந்தக் கிரெடிட் துறையின் பாடத்தோடு சேராமல் தனி வரியாக நின்றால், பகுதி 5க்குக் கீழே இன்னொரு பகுதி கூடும். குறிப்பேட்டில் அதே மூன்று கட்டங்கள்தான் நிரம்பும்.