இளைய நிலா பொழிகிறதே

1982-இல் ஆர். சுந்தர்ராஜன் இயக்கத்தில் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இடம்பெற்ற பாடல். இசை இளையராஜா, எழுதியவர் வைரமுத்து, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். படத்தில் மோகன் பாடகராக நடித்தார். தமிழில் கிட்டார் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாடல்தான்.

முகப்பிசையிலேயே பாடலின் இயல்பு தெரிந்துவிடும். கிட்டாரில் ஒரு கார்டின் சுரங்களை ஒருசேர மீட்டாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடவிடும் ஆர்பெஜியோ முறை இது. வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாடகர் பல்லவியைத் தொடங்கிய பிறகும் கிட்டார் ஒதுங்குவதில்லை. குரல் நீட்டி நிற்கும் இடங்களைத் தன் சுரங்களால் நிரப்பிக்கொண்டே உடன் வருகிறது. பக்கவாத்தியம் என்று அதைச் சொல்ல முடியாது, இரண்டாவது குரல் என்பதே பொருத்தம். அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டில் நடக்கிறது. இடையிசையில் கிட்டாரோடு சேரும் புல்லாங்குழல் சுதாகருடையது.

மெட்டின் அடித்தளம் மைனர் ஸ்கேல். இயல்பான மைனரின் சுரங்களும் 20-ஆவது மேளகர்த்தாவான நடபைரவியின் சுரங்களும் ஒன்றே. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இப்பாடல் அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) பாடலோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு துலங்கும். அதுவும் மைனரில், அக்கூஸ்டிக் கிட்டார் ஆர்பெஜியோவில் தொடங்குகிறது. ரெக்கார்டர் என்னும் குழலும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பாடல் படிப்படியாக ஏறுகிறது. பாதி வழியில் டிரம்ஸ் சேர்ந்து, எலெக்ட்ரிக் கிட்டாரின் தனி ஆவர்த்தனத்தில் உச்சம் தொடுகிறது. இளையராஜா அப்படி ஏறவில்லை. பல்லவி, இடையிசை, சரணம் என்ற திரைப்பாடல் கட்டுக்குள்ளேயே, ஒரே மிதமான ஓட்டத்தில், கிட்டாரின் நுணுக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார். ராக் இசையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது சத்தத்தை அல்ல, கிட்டாருக்கும் பேஸுக்கும் அது தரும் முதன்மையை. இப்பாடலின் பெரிய சாதனை அதுவே.

இந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் மயிலாப்பூர் இருக்கிறது. 1960-களின் இறுதியில் சென்னை வந்த இளையராஜா, அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் குறிப்பெழுதும் முறையோடு கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கமும் பெற்றார். இந்த வாத்தியத்துக்கு எழுத, அதை அறிந்த கை வேண்டும்.

1983-இல் ‘கலாகார்’ என்ற இந்திப் படத்தில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இசையில் கிஷோர் குமார் பாடிய ‘நீலே நீலே அம்பர் பர்’ இதே மெட்டில் அமைந்தது. வட இந்தியாவில் கிட்டார் பழகுவோர் விரும்பி வாசிக்கும் பாடல்களில் அதுவும் ஒன்று.