ஆஸ்டின் கோபுரமும் காரண விசாரமும்

1966 ஆகஸ்டு 1-ஆம் தேதியன்று, டெக்ஸாஸ் ராஜ்யத்தின் தலைநகரான ஆஸ்டினில், சர்வகலாசாலைக் கோபுரத்தின் 28-ஆவது மாடியில் ஏறிநின்ற மாணவன் ஒருவன், கீழே நடமாடியவர்களை ஏறத்தாழ 96 நிமிஷ நேரம் சுட்டு வீழ்த்தினான். தந்தையிடம் பாலப்பிராயத்திலேயே துப்பாக்கி பழகிப் பின்னர்க் கடற்படைத் துருப்பில் பயின்ற அவன், அக்கோபுரத்தின் மீதேறி ஜனங்களைச் சுடும் எண்ணம் எழுவதாகச் சில மாதங்களுக்கு முன்பே சர்வகலாசாலை மனோவைத்தியரிடம் சொல்லியும் இருந்தான். பிரேத பரிசோதனையில் மூளையில் சிறு கட்டியொன்று காணப்படவே, கவர்னர் கானலி நியமித்த நிபுணர் குழு அதனைப் பரிசீலித்து, அதற்கும் அக்கொடுஞ்செயலுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெளிவாக நிர்ணயிக்க இயலாதென்றே எழுதிற்று. தகப்பனின் கடுமை, பெற்றோரின் பிரிவு, உட்கொண்ட மருந்துகள் என்று பிறர் கூறிய காரணங்களும் மெய்யாயிருக்கலாம். ஆயினும், அத்தகைய துயரங்கள் எத்தேசத்தில்தான் இல்லை?

அன்று காலை அவன் ஒரு கடையில் கார்பைன் துப்பாக்கியை விலைக்கு வாங்கியதும், மற்றொரு கடையில் வேட்டைத் துப்பாக்கியைக் கடனுக்குப் பெற்றதும், அவற்றைப் பெட்டியிலடைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வேலையாள் உடையில் கோபுரத்தினுள் நுழைந்ததும் சட்டத்தின் தடையேதுமின்றி நடந்தேறியதே என் மனத்தைப் பெரிதும் வருத்துகிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே, 1968-இல், வேறு ராஜ்யங்களிலிருந்து தபால் மூலம் துப்பாக்கி தருவிப்பது தடுக்கப்பட்டது. கடையில் வாங்குபவனின் பூர்வோத்தரத்தை விசாரிக்கச் செய்த பிரேடி சட்டமோ 1993-இல்தான் நிறைவேறிற்று.