அரசும் கலையும்: ஸ்ராலின் காலத்து இரசியா

அரசர் கலைஞரைப் புரத்தல் பண்டுதொட்டு வந்த வழக்கு. ஒரு மன்னன் முகங்கொடாதவிடத்துப் புலவன் மற்றொரு மன்னனின் வாயிலை நாடிச் சென்றான். புரப்போர் பலராயிருந்தமையே அவனுக்குச் சுதந்திரம் அளித்தது. புரப்போன் ஒருவனேயாகி, செல்லுதற்கு வேறு வாயில் இல்லாதொழியின் கலைஞனின் நிலை யாதாகும்? ஸ்ராலின் காலத்துச் சோவியத் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

புரட்சியின் பின் 1922இலேயே தணிக்கைக்கெனத் தனி நிறுவனம் அமைக்கப்பட்டதாயினும், இலக்கியக் குழுக்கள் பல தம்முள் வாதிட்டு இயங்கியே வந்தன. 1932 ஏப்ரிலில் கட்சியின் மத்திய குழு அவற்றையெல்லாம் ஒரு தீர்மானத்தாற் கலைத்தது. அவற்றினிடத்தில் எழுத்தாளர் சங்கம் ஒன்றே தோன்றியது. எழுத்தாளர் மனித ஆன்மாக்களின் பொறியியலாளர் என ஸ்ராலின் அவ்வாண்டிற் புகழ்ந்துரைத்தார். வரைபடம் யாருடையது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1934 ஓகஸ்டில் மொஸ்கோவில், கோர்க்கியின் தலைமையிற் கூடிய சங்கத்தின் முதல் மாநாடு, சோசலிச யதார்த்தவாதத்தைச் சோவியத் இலக்கியத்தின் நெறியாக ஏற்றது.

இச்சங்கத்தை வெறும் தடைக்கருவியெனக் கொள்ளுதல் பிழையாகும். வீடு, மருத்துவம், ஓய்வில்லம், நூல் வெளியீடு ஆகிய யாவும் உறுப்புரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தன. எழுதாதே எனக் கட்டளையிடுவதிலும் எழுதுவோனின் அடுப்பைத் தன் கையில் வைத்திருத்தல் வலிமை மிக்கதென்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது.

அச்சம் தொழிற்பட்ட முறையை இசையமைப்பாளர் ஷொஸ்ரகோவிச்சின் வாழ்க்கை காட்டும். 1934 ஜனவரியில் அரங்கேறிய அவருடைய இசைநாடகம் ஈராண்டுகள் பெரும் பாராட்டைப் பெற்றது. 1936 ஜனவரி 26ஆம் நாள் அதனைக் காணவந்த ஸ்ராலின் முடிவுக்கு முன்பே எழுந்து சென்றார். இரண்டு நாள்களின் பின் ‘பிராவ்தா’ பத்திரிகையில் அதனைக் கடிந்துரைக்கும் கட்டுரையொன்று வெளிவந்தது. அதில் ஒப்பம் இல்லை. ஒப்பமிடாமையாலேயே அது கட்சியின் குரலாயிற்று. சட்டம் எதுவும் இயற்றப்படாமலே நாடகம் மேடையை விட்டு நீங்கிற்று. நேற்றுப் புகழ்ந்தோர் இன்று தம் பிழையை ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய நான்காவது சிம்பனி ஒத்திகை நிலையிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனை உலகம் கேட்டது 1961இலேதான். 1937இல் அரங்கேறிய ஐந்தாவது சிம்பனி அவரை மீட்டது. அதன் இறுதிப் பகுதியில் ஒலிப்பது மகிழ்ச்சியா, மகிழுமாறு ஏவப்பட்டோரின் ஓசையா என்பதில் ஆய்வாளர் இன்றும் மாறுபடுவர்.

எல்லோருக்கும் அத்தகைய மீட்சி வாய்க்கவில்லை. ஸ்ராலினை எள்ளி நண்பர்க்குக் கவிதை சொன்ன மண்டல்ஸ்ராம் 1938 டிசம்பரில் விளாடிவொஸ்ரொக் அருகே கைதிகளின் இடைத்தங்கல் முகாமில் இறந்தார். சிறுகதையாசிரியர் பாபெலும் நாடக நெறியாளர் மெயர்ஹோல்டும் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

தாளுக்கு அஞ்சியோர் நினைவை நாடினர். மண்டல்ஸ்ராமின் மனைவி கணவரின் கவிதைகளை மனனஞ்செய்து காத்தார். மகன் சிறைப்பட்ட காலத்திற் சிறைவாயிலிற் காத்துநின்ற பெண்களின் துயரைப் பாடிய அன்னா அக்மதோவா, ‘இரங்கற்பா’ என்னும் அந்நூலின் பகுதிகளைத் துண்டுத்தாளில் எழுதித் தோழியிடம் நீட்டுவார். தோழி படித்து மனத்திற் பதித்தபின் தாள் எரிக்கப்படும். அச்சு இயந்திரங்கள் அனைத்தையும் உடைமையாக்கிய அரசு, ஒரு பெண்ணின் நினைவைச் சோதனையிடும் வழியை அறியாதிருந்தது.

போரின் பின் 1946 ஓகஸ்டில் கட்சித் தீர்மானமொன்று அக்மதோவாவைப் பெயர் சுட்டிக் கண்டித்தது. சங்கத்தினின்று நீக்கப்பட்ட அவர் பங்கீட்டு உணவட்டையையும் இழந்தார். 1949இல் மகன் மீண்டும் சிறைப்பட்டபோது, அவனை விடுவிக்கும் நோக்குடன் ஸ்ராலினைப் போற்றும் கவிதைகளையும் அவர் எழுதினார். இதனைக் குறையெனக் கூறுவோர் உளர். தாயொருத்தியிடம் அப்பாடல்களை வாங்கியவர் யாரென்பதே முதலில் ஆராயத்தக்கது. அவை பயன்தரவில்லை, ஸ்ராலின் இறந்து மூன்றாண்டுகள் கழிந்தபின், 1956இலேயே மகன் விடுதலையானான்.

‘இரங்கற்பா’ 1963இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அச்சேறிற்று. ஸ்ராலின் மறைந்த மார்ச் 5ஆம் நாளிலேயே, பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1966இல் அக்மதோவா காலமானார். அவருடைய தாய்நாட்டில் அந்நூல் வெளிவந்தது 1987இல்.