டொக் டொக்... யாரது?

கார் ஓட்டுகிறவராக இருந்தால் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். வயிற்றில் புளியைக் கரைக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார். பி0325 என்று ஒரு நம்பர் வருகிறது. நாக் சென்சார் சர்க்யூட் கோளாறு. 'சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்' என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். சென்சார் செத்துவிட்டது என்று அந்த நம்பர் சொல்லவில்லை. என்ஜின் தட்டுகிறது என்றும் சொல்லவில்லை. சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒழுங்காகச் சேதி வரவில்லை, அவ்வளவுதான். இந்தச் சத்தம் விஷயத்தில் தப்பான ஆளைப் பிடித்து உள்ளே தள்ளுவது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம்.

முதலில் சத்தம் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். நெருப்பு வந்து சேருவதற்குள், மூலையில் நெருக்குப்பட்டுக் கிடக்கும் மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். மேடு ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கின மாதிரி கேட்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும்.

1910களில் அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்குப் பழி விழுந்தது சார்லஸ் கெட்டரிங் தலையில். கைப்பிடியைச் சுற்றாமலே காரைக் கிளப்பும் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை 1912 காடிலாக் காரில் வைத்தவர் அவர்தான். அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் சத்தத்துக்குக் காரணம் என்றார்கள். மனிதருக்கு ரோஷம். ஓஹையோ மாநிலத்தின் டேட்டனில் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் தாமஸ் மிட்ஜ்லியிடம் 1916-ல் வேலையை ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி ஒரு நல்ல காரியம் செய்தார். காதை நம்பவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதைப் படமாகப் பதிய ஒரு கருவி செய்தார். பொறி சரியான நேரத்தில்தான் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அழுத்தம் எகிறியது. ஆக, குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள். கெட்டரிங் நிரபராதி!

மருந்து தேடின கதைதான் வேடிக்கை. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் சூட்டை வாங்கிக்கொண்டு ஒழுங்காக எரியும் என்று ஒரு யூகம். கையில் சாயம் இல்லை. அயோடின் இருந்தது. ஊற்றினார்கள், சத்தம் நின்றது. அப்புறம் நிஜமான சிவப்புச் சாயங்களை ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை! யூகம் தப்பு, பலன் மட்டும் சரி. பிறகு வருஷக்கணக்கில் எதை எதையோ ஊற்றிப் பார்த்தார்கள். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எதில் லெட் என்ற ஈயக் கலவையை ஊற்றினார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு 3 மில்லி மாதிரி போட்டால் போதும். கப்சிப்.

ஆல்கஹால் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்று அவர்களுக்கே தெரியும். ஆனால் அதை நிறையக் கலக்க வேண்டும். தவிர யார் வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். ஈயத்துக்குக் காப்புரிமை உண்டு. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை ஆரம்பம். பெயர் 'எதில்'. பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது, கவனியுங்கள். அந்த நேரம் மிட்ஜ்லியே ஈய நஞ்சு ஏறி, ஃப்ளோரிடாவில் ஓய்வெடுக்கப் போயிருந்தார்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. சிலரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. 5 பேர் செத்தார்கள். 30 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். பத்திரிகைகள் 'பைத்தியக்கார வாயு' என்றன. மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டு, அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். தனக்கு வந்த வியாதி தெரிந்த மனிதர் செய்த காரியம் இது! 1926-ல் அரசாங்கக் குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்புறம் நாற்பது வருஷம் உலகமே ஈயப் புகையைச் சுவாசித்தது. கண்டுபிடித்தவர் ஆட்டோமொபைல்காரரே இல்லை. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி. எதை எடுத்துச் சோதித்தாலும் அதில் ஈயம் ஒட்டிக்கொண்டு வந்து கணக்கைக் கெடுத்தது. எங்கிருந்து வருகிறது என்று துருவினார். 1965-ல் அவர் கட்டுரை வெளியானதும் ஈயக் கம்பெனிகளுக்குக் கோபமோ கோபம். அமெரிக்காவில் 1970களில் ஈயத்தைக் குறைக்க ஆரம்பித்து, சாலை வண்டிகளுக்கு 1996-ல் ஒரேயடியாக நிறுத்தினார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் 1995-ல் வந்தது. நாடு முழுக்க 2000-ல். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்தான்.

ஈயம் போனால் சத்தத்தை யார் அடக்குவது? பெட்ரோலைச் சுத்திகரிக்கிற முறை மாறியது. என்ஜினும் தன் காதைத் தானே வளர்த்துக்கொண்டது. 1978-ல் அமெரிக்காவின் ப்யூக் டர்போ என்ஜினில் நாக் சென்சார் வந்துவிட்டது. 1980களின் ஆரம்பத்தில் ஸ்வீடனின் சாப் கம்பெனியும் கையாண்டது. உள்ளே இருப்பது ஒரு பீஸோ துண்டு. அதிர்ந்தால் மின்சாரம் தரும். என்ஜின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தட்டல் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். சத்தம் அடங்கிவிடும்.

அந்தக் காது அடைத்துவிட்டால்? கம்ப்யூட்டர் பயந்துபோய், தட்டல் இருக்கிறதோ இல்லையோ, பொறியைத் தாமதமாகவே வைத்துக்கொள்ளும். பிக்கப் போகும், மைலேஜ் விழும். பி0325 வந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். வயரை எலி கடித்திருக்கலாம். வயர் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வி6 என்ஜின்களில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கழற்றி மாட்டுகிற கூலியே சென்சார் விலையைத் தாண்டிவிடும்.

போல்ட் சமாசாரமும் ஒன்று உண்டு. பல சென்சார்களுக்கு 20 நியூட்டன் மீட்டர் மாதிரிதான் இறுக்கம். நம் ஊரில் ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு திருகுவோமே, அந்தத் திருகில் புது சென்சாரும் செவிடாகிவிடும்.